ஆறாம் வகுப்பு வாசலில் ஒரு கோடு

ஸ்ரீபெரும்புதூர்! ஊர்ப் பெயரைச் சொன்னதும் பக்தருக்கு இராமானுசர் நினைவு வரும். முதலாளிக்கு மோட்டார் நினைவு வரும். மறைத்து வைத்த மந்திரத்தைக் கோபுரத்தின் மீதேறி நின்று ஊருக்கெல்லாம் உரக்கச் சொன்னார் இராமானுசர் என்பது வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கதை நடந்ததா, கட்டியதா என்ற ஆராய்ச்சி நமக்கு இப்போது வேண்டாம். அறிவைப் பூட்டி வைக்காதே, அனைவருக்கும் கொடு என்ற கருத்து அதிலே இருக்கிறது. அந்தக் கருத்து நமக்கு இனிக்கிறது.

இன்று அந்த மண்ணிலே மந்திரம் அல்ல, இயந்திரம் பேசுகிறது. இருங்காட்டுக்கோட்டையிலே 1998-ல் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்திலே 2010-ல் மற்றொரு கார் ஆலை எழுந்தது. வல்லம், சுங்குவார்சத்திரம் என்று ஏரியும் வயலும் இருந்த இடமெல்லாம் ஆலைகள். கடல் கடந்து செல்லும் வண்டிகள் இங்கே உருவாகின்றன. மகிழ்கிறோம்; மார் தட்டிக்கொள்கிறோம். ஆனால் அந்த ஆலைகளின் மதிற்சுவருக்கு அப்பால், கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை, பதினொரு வயதுப் பிள்ளை, ஆறாம் வகுப்பு வாசலிலே கால் வைக்கிறதே, அந்த வாசலிலே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்று பேசவேண்டும்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஓர் ஊர், மூன்று வீடு, மூன்று பிள்ளைகள். மூவருக்கும் தகப்பன் கூலிக்காரன். மூவர் வீட்டிலும் இதற்கு முன்னே கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை.

முதற்பிள்ளை, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலே ஆறு, ஏழு, எட்டு படிக்கிறான். இரண்டாம் பிள்ளை, 2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தனியார் பள்ளியிலே ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிறான். அவனுக்கான கட்டணத்தைத் துரைத்தனம் கட்டுகிறது. மூன்றாம் பிள்ளையின் தெருமுனையிலே இருப்பது கிறித்துவ சபையார் நடத்தும் உதவிபெறும் நடுநிலைப் பள்ளி. நடந்து போகும் தூரம். தமிழ் வழிப் படிப்பு. கட்டணம் இல்லை. அங்கே படிக்கிறான்.

எட்டு முடிந்தது. மூவரும் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வருகிறார்கள். ஒரே வகுப்பறை. ஒரே பலகை. ஒரே ஆசிரியர். ஒரே தேர்வு. நான்கு ஆண்டுகள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து படிக்கிறார்கள். மூவருக்கும் மருத்துவராக ஆசை. மூவரும் நீட் என்னும் நெருப்பாற்றையும் நீந்திக் கரையேறிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டியல் எடுக்கப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்லூரியிலே 7.5 விழுக்காடு இடம் என்று 2020-ல் தமிழகம் சட்டம் செய்ததே, அந்தப் பட்டியல். முதற்பிள்ளை, "வா" என்று அழைக்கப்படுகிறான். இரண்டாம் பிள்ளையும், "நீயும் வா" என்று அழைக்கப்படுகிறான். எட்டு வரை தனியார் பள்ளியிலே படித்திருந்தாலும், கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி படித்தவன் என்பதால் அவனுக்கு வழி உண்டு. மூன்றாம் பிள்ளையைப் பார்த்து மட்டும், "நீ ஆறு முதல் எட்டு வரை எங்கே படித்தாய்? உதவிபெறும் பள்ளியிலா? அப்படியானால் போ!" என்கிறது விதி.

என்ன குற்றம் செய்தான் அவன்? பணக்காரன் வீட்டிலே பிறந்தானா? பங்களாப் பள்ளியிலே படித்தானா? தன் தெருவிலே இருந்த பள்ளிக்கு நடந்து போனான். அதுதானே அவன் செய்தது!

முதல் இருவருக்கும் கிடைத்ததிலே நமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள். அந்தச் சட்டத்தையும் நாம் குறை கூறவில்லை, வரவேற்றோம், வரவேற்கிறோம். நகரத்துப் பயிற்சிக் கூடங்களிலே இலட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்துப் படிப்பவனோடு, நாட்டுப்புறத்து ஏழையை ஒரே ஓட்டப் பந்தயத்திலே நிறுத்துவது நீதியல்ல என்று கண்டு செய்யப்பட்ட சட்டம் அது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 விழுக்காடு விரிந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் துரைத்தனமே ஏற்றது. நல்ல சட்டம், ஏழைக்கு ஏணி வைத்த சட்டம். அந்த ஏணியிலே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அந்தப் படியைப் போடுங்கள் என்பதே நம் வாதம்.

உதவிபெறும் பள்ளி என்றால் என்ன? கட்டிடம் சபையாருடையது, ஆசிரியரின் சம்பளம் மக்களின் வரிப்பணம். பாடநூல் அரசு தருவது. பகல் உணவு அரசு போடுவது. சீருடை அரசு கொடுப்பது. பாடத்திட்டம் அரசுடையது, தணிக்கைக்கு வரும் அதிகாரி அரசு அதிகாரி. ஊரிலே அரசுப் பள்ளி எழாத காலத்திலே பள்ளி வைத்த காரணத்தால், 1854-ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி ஆணையை ஒட்டி உதவித்தொகை முறை வந்தது. அன்று தொட்டு, அரசு செய்யவேண்டிய வேலையை அரசின் பணத்தைக் கொண்டு வேறொருவர் செய்யும் இடம் அது. சம்பளம் தரும்போது "நம் பள்ளி"; சலுகை தரும்போது "அவர் பள்ளி"! இது என்ன நியாயம்?

"பகுத்தறிவு பேசுகிறவர்களுக்குப் பாதிரிமார் பள்ளியிடம் என்ன பரிவு?" என்று கேட்பார் உண்டு. விடை சொல்லிவிடுகிறோம். பாதிரியார் மதம் பரப்ப வந்தார். அதை அவரும் மறைக்கவில்லை, நாமும் மறக்கவில்லை. மதத்தைப் பற்றி நமக்குள்ள கருத்து ஊரறிந்தது. ஆனால், தீட்டு என்று தெருவிலே நடக்கவிடாத காலத்தில், அந்தச் சிறுவனின் கையிலே பலகையும் பலப்பமும் கொடுத்தவன் எவனோ, அவன் செய்த அந்த ஒரு செயலை நன்றியோடு நினைப்பதுதான் பகுத்தறிவு.

வரலாறு சொல்கிறது, கேளுங்கள். ஸ்காத்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையிலே ஒரு பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு, 1838-ல், ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர் அந்தப் பள்ளியிலே சேர்ந்திருப்பது வெளியே தெரிந்தது. கொதித்தார்கள் உயர்சாதிப் பெற்றோர். "அவர்களை வெளியேற்று! இல்லையேல் எங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொள்வோம்!" என்றார்கள். ஆண்டர்சன் அசையவில்லை. பலர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். பள்ளியிலே கூட்டம் குறைந்தது. ஆனால் பள்ளியின் உயரம் வளர்ந்தது. அந்தப் பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி. ஆண்டர்சன் பெயரைத் தாங்கிய பள்ளி காஞ்சியிலே இன்றும் இருக்கிறது.

இன்னும் அருகே வாருங்கள். ஒரகடத்திலிருந்து புறப்படும் சாலை சிங்கப்பெருமாள்கோயிலிலே பெருஞ்சாலையைத் தொடுகிறது. அதன் அருகே மல்ரோசாபுரம் என்று ஓர் ஊர். தமிழ்ப் பெயரா அது? இல்லை. ஸ்காத்லாந்து நாட்டு மெல்ரோஸ் நம் நாட்டு வாயிலே நுழைந்து மல்ரோசாபுரம் ஆயிற்று! செங்கற்பட்டு மாவட்டத்துப் பறையர் மக்கள், உழுத நிலத்திலே உரிமையின்றி, குடியிருந்த மனையிலும் உரிமையின்றிக் கிடந்த கொடுமையை 1891-ல் கலெக்டர் திரமென்கீர் ஏட்டிலே எழுதி அரசுக்கு அனுப்பினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுகிறோமே, அதற்கு வித்திட்ட 1892-ம் ஆண்டு அரசாணைக்கு அந்த ஏடே ஆதாரம். அந்த நாட்களிலே செங்கற்பட்டில் இருந்த ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ, அந்த மக்களுக்காக அமைத்த குடியிருப்புதான் மல்ரோசாபுரம். நிலமும் எழுத்தும் சேர்ந்தாலன்றி அடிமைத்தனம் அகலாது என்று கண்ட காலம் அது.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆதிதிராவிடர் கிறித்துவர் ஆனால், 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர் பட்டியல் சாதியினர் அல்லர். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அந்தக் கதவு திறந்தது, கிறித்துவருக்குத் திறக்கவில்லை. கோயிலை மாற்றினான், குடிசையை மாற்ற முடியவில்லை. சேரியிலேயே இருக்கிறான், சாதி இழிவும் அவனை விட்டபாடில்லை. தமிழகத்திலே அவன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறான். அவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றிற்று. நல்லது. டில்லி திறக்கவேண்டிய கதவு அது. ஆனால் அதே பிள்ளை, சபையார் நடுநிலைப் பள்ளியிலே படித்த ஒரே காரணத்தால், 7.5 விழுக்காட்டுக் கதவையும் இழக்கிறானே! இந்தக் கதவின் சாவி டில்லியிலா இருக்கிறது? சென்னைக் கோட்டையிலே அல்லவா இருக்கிறது!

ஆறு, ஏழு, எட்டு என்ற இந்த மூன்று வகுப்புக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். ஏழைப் பிள்ளையின் வாழ்வு இரண்டாகப் பிரியும் முச்சந்தி அது. எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை, பொருள் உணர்ந்து படிக்கத் தொடங்குவது அங்கே. கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் மட்டுமல்ல என்று அறிவது அங்கே. பதினொரு வயது, கை கொஞ்சம் வலுத்திருக்கும், வீட்டிலே கடன் இருக்கும், "போதும் படித்தது, வேலைக்கு வா" என்ற குரல் கேட்கத் தொடங்குவதும் அங்கேதான். பெண்பிள்ளையாக இருந்தால் அந்தக் குரல் இன்னும் உரக்கக் கேட்கும்.

அதனால்தான் படிப்பைச் சுருக்க நினைத்தவர்களின் கண் இளம் வகுப்புகளின் மீதே விழுந்தது. 1953-ல் ஆச்சாரியார் ஆட்சியிலே, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் வீட்டுத் தொழில் என்று திட்டம் வந்தது. குலக்கல்வி என்று சரியாகப் பெயரிட்டுத் தமிழகம் எதிர்த்தது. 1954-ல் காமராசர் ஆட்சி அதைக் குப்பையிலே போட்டது. 2020-ல் டில்லி தீட்டிய புதிய கல்விக் கொள்கையைப் புரட்டுங்கள். ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைக்குத் தச்சு, மின்வேலை, உலோகவேலை, தோட்டவேலை, மட்பாண்டம்! புத்தகப் பையில்லாமல் பத்து நாள், உள்ளூர்க் கைவினைஞரிடம் பயிற்சி! தொழிலை நாம் இழிவாகக் கருதுபவர்கள் அல்லர். தொழிலாளியின் வியர்வையிலே பிறந்த இயக்கம் இது. ஆனால் பதினொரு வயதிலே, உள்ளூரிலே, கண்ணெதிரே தெரியும் தொழிலைக் காட்டினால், யார் பிள்ளை எதைப் பார்க்கும்? குயவன் பிள்ளைக்கு எதிரே சக்கரம். ஒரகடத்துக் கூலியின் பிள்ளைக்கு எதிரே ஆலை வாசல். ஒப்பந்தக் கூலியின் மகன் ஒப்பந்தக் கூலி என்பது புதிய குலக்கல்வி அல்லாமல் வேறென்ன?

ஆலை வாசலை மட்டும் நம்பி வாழ முடியுமா? இதே ஸ்ரீபெரும்புதூரிலே நோக்கியா ஆலை 2006-ல் திறந்தது. கைப்பேசி செய்தார்கள், நம் வீட்டுப் பிள்ளைகள். ஊரே திரும்பிப் பார்த்தது. 2014-ல் கதவு மூடிற்று. எட்டே ஆண்டுகள்! ஆலை போயிற்று, ஆலைக்குள்ளே கற்ற ஒரு வேலையை மட்டும் கையிலே வைத்திருந்தவர் தெருவிலே நின்றார். ஆலை வரும், போகும். கற்ற கல்வி போகாது. பொறியியல் கற்றவன் அந்த ஆலையிலேயே மேலாளாகலாம். வேறோர் ஆலைக்கும் போகலாம். இந்த வட்டாரத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்தின் பிள்ளை, வாசற்காவலனாக மட்டும் உள்ளே போகாமல், வரைபடம் போடுகிறவனாக உள்ளே போகவேண்டாமா? அதற்கான வழி ஆறாம் வகுப்பிலே அடைபடலாமா?

அழிக்க முடியாத கோடா இது? இல்லை. இதே போன்ற கோடுகளை அழித்த கைதான் நம் கை. காலை உணவுத் திட்டம் 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே தொடங்கிற்று. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு வயிறு இல்லையா என்று கேட்டார்கள். 2024 சூலை 15, காமராசர் பிறந்த நாளிலே, நம் பக்கத்து மாவட்டமாம் திருவள்ளூரின் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப் பள்ளியிலே வைத்து, ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 3,995 பள்ளிகள், 2,23,536 பிள்ளைகள்! 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் சென்றது. 1920-ல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சியிலே ஆயிரம் விளக்குப் பள்ளியில் இட்ட அந்தப் பிடிச் சோறு, நூறாண்டுக்குப் பிறகு எங்கெல்லாம் சென்றிருக்கிறது பாருங்கள்!

புதுமைப் பெண் திட்டம் மற்றொரு சான்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்த பெண்கள் கல்லூரிக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-ல் தொடங்கியது. உதவிபெறும் பள்ளியிலே தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024-ல் அது வந்தது. அங்கேயும் இதே ஆறாம் வகுப்புக் கோடு இருந்தது, அழித்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு அழிந்த கோடு, மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் ஏன் கல்லிலே செதுக்கியதாக இருக்கவேண்டும்?

எதிர் வாதம் உண்டு. அதையும் ஒளிக்காமல் எடுத்து வைப்போம். "உதவிபெறும் பள்ளிகளிலே பெரும் பெயர் பெற்ற நகரத்துப் பள்ளிகளும் உண்டே! அவர்கள் நுழைந்தால் அரசுப் பள்ளி ஏழையின் பங்கு கரையுமே!" என்கிறார்கள். கவலை நியாயமானது. அதனால்தான் நாம் கதவை அகலத் திறந்துவிடு என்று கேட்கவில்லை, அளந்து கேட்கிறோம். எட்டாம் வகுப்போடு முடியும் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியிலே, கட்டணமின்றித் தமிழ் வழியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளை. அவனுக்கு மட்டும். பெரும் பெயர் பெற்ற பள்ளியிலே பன்னிரண்டு வரை படித்தவன் இதிலே வரமாட்டான். பங்கு கரையும் என்ற அச்சம் அப்போதும் இருக்குமானால், பங்கைக் கூட்டுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், எந்த வகுப்பு என்று எண்ணிப் பார்க்க ஒரு நீதிபதியின் தலைமையில் குழு வையுங்கள். 7.5 விழுக்காடு பிறந்தது நீதிபதி கலையரசன் குழுவின் அறிக்கையிலே அல்லவா!

"சட்டம் இடம் கொடுக்காது" என்று சொல்வாரும் உண்டு. சட்டமா? 1951-ல் வகுப்புரிமை ஆணையை நீதிமன்றம் செல்லாது என்றபோது, தமிழகம் கொதித்தெழுந்தது. அரசியல் சட்டத்துக்கே முதல் திருத்தம் வந்தது. சட்டம் மனிதனுக்காக என்று இந்தியாவுக்கே கற்பித்த நாடு இது. ஒரு வரித் திருத்தத்துக்கா நாம் அஞ்சவேண்டும்?

சபையார்க்கும் ஒரு சொல் உண்டு. கசக்கும், ஆனாலும் சொல்லவேண்டும். ஆண்டர்சன் பெயரைச் சொல்லிக்கொண்டு, அதே வளாகத்தில் ஒரு பக்கம் ஓட்டுக் கட்டிடத்திலே தமிழ் வழி ஏழைப் பள்ளி, மறு பக்கம் மாடிக் கட்டிடத்திலே கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளி என்று நடத்துவது அழகா? கவனமெல்லாம் மாடிக்குப் போனால், ஓட்டுக் கட்டிடம் ஒரு நாள் பூட்டப்படும். பூட்டப்பட்டால் தெருவிலே நிற்பது யார்? உங்கள் முன்னோர் யாருக்காகக் கப்பலேறி வந்தாரோ, அந்தப் பிள்ளை! கோயிலிலே சாதிக்கொரு பக்கம், கல்லறையிலே சாதிக்கொரு மூலை என்ற இழிவு இன்னும் சில ஊர்களில் இருப்பது உங்களுக்கே தெரியும். ஆசிரியர் பணியிடத்திலே அந்தச் சாதி எட்டிப் பார்க்காதபடி காப்பது உங்கள் கடமை. மக்களின் வரிப்பணம் சம்பளமாகும் இடத்திலே, மக்களுக்குக் கணக்குச் சொல்லவும் வேண்டும். சிறுபான்மையினர் உரிமைக்காக நாம் என்றும் குரல் கொடுப்போம்; அந்த உரிமை பள்ளியை நடத்துவதற்கே அன்றி, ஏழையை நடத்தியனுப்புவதற்கு அல்ல.

ஆகவே, கோட்டையில் இருப்போர் எவராயினும் அவர்களுக்கு மூன்று கோரிக்கை. ஒன்று: உதவிபெறும் தமிழ் வழி நடுநிலைப் பள்ளியிலே படித்துப் பின்னர் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு 7.5 விழுக்காட்டு உரிமை வேண்டும். மருத்துவம், பொறியியல் அனைத்திலும் வேண்டும். இரண்டு: 2025 வரையில் ஐந்தாம் வகுப்போடு நிற்கும்படியே விரிந்த காலை உணவு, எட்டாம் வகுப்பு வரையில் எல்லாப் பள்ளிக்கும் உறுதியாக வேண்டும், ஆலைக்கு விடியுமுன் புறப்படும் தாயின் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலே பசி தீர்ந்துவிடுவதில்லை. மூன்று: தொழில் மண்டலத்திலே, ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளி மூடப்படும் நிலை வந்தால், அந்தப் பள்ளியை அரசே ஏற்று நடத்தவேண்டும்; பிள்ளையை ஐந்து கல் தொலைவுக்கு விரட்டக்கூடாது.

இவை பிச்சையல்ல. நிலம் கொடுத்த மக்கள், உழைப்பைக் கொடுத்த மக்கள், வரி கொடுத்த மக்கள், தம் பிள்ளைகளுக்காகக் கேட்கும் பாக்கி. ஆலைக்குச் சலுகை விலையில் நிலம் தருகிறோம், தடையின்றி மின்சாரம் தருகிறோம், அகலச் சாலை போட்டுத் தருகிறோம். "எந்த மதத்தார் நடத்தும் ஆலை?" என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளையிடம் மட்டும், "எவர் நடத்திய பள்ளியிலே படித்தாய்?" என்று கேட்கலாமா? "எவ்வளவு தூரம் நடந்து வந்தாய், எவ்வளவு பசியோடு படித்தாய்?" என்றல்லவா கேட்கவேண்டும்!

கோட்டை அழியுங்கள். மூன்றாம் பிள்ளையும் உள்ளே வரட்டும்.